புண்ணியக் கணக்குப்பிள்ளைகள்

இந்தக் கட்டுரை ஒரு வகுத்தல் கணக்கு. மேலே ஒரு எண், கீழே ஒரு எண். எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம் என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டம் ஓராண்டில் கொடுக்கும் தானம் மேலே. ஊரார் கொடுக்கும் மொத்த தானம் கீழே. வகுத்தால் பங்கு வந்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டு விளையாடப் போய்விடும். ஆனால் மேலே எழுத வேண்டிய எண்ணும் சண்டைக்கு நிற்கிறது, கீழே எழுத வேண்டிய எண்ணும் சண்டைக்கு நிற்கிறது. நடுவில் இருக்கும் கோடு மட்டும்தான் சாது.

யார் இந்தக் கூட்டம்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிகள் இலவசமாகச் சொன்னதை, ஆக்ஸ்போர்டில் தத்துவம் படித்து, எக்ஸெல் தாளைத் திறந்துவைத்துக்கொண்டு சொல்கிறவர்கள். ஒரு டாலர் எங்கே போனால் அதிக உயிர் பிழைக்கும் என்று தசம புள்ளிவரை பார்க்கிறவர்கள். இவர்களைக் கணக்குக்காரர்கள் என்றே வைத்துக்கொள்வோம். உலகத்திலுள்ள எல்லாருடைய தானத்தையும் நிறுத்துப் பார்த்த இவர்களுடைய தானம் எத்தனை பங்கு என்பதுதான் கேள்வி. கேள்வி நியாயமானது. அளப்பவனையும் ஒருநாள் அளந்துதானே ஆகவேண்டும்?

இந்த வகை மதிப்பீட்டை அந்தக் காலத்திலேயே துணிந்து சொன்னவர் இரும்புச் சக்கரவர்த்தி ஆண்ட்ரூ கார்னெகி. 1889இல் செல்வத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தர்மம் என்ற பெயரில் செலவாகும் ஒவ்வொரு ஆயிரம் டாலரிலும் 950 டாலர் வீண் என்பது அதில் அவர் தீர்ப்பு. சோம்பேறிக்கும் குடிகாரனுக்கும் கொடுப்பதைவிடப் பணத்தைக் கடலில் எறிவது மேல் என்றும் சேர்த்துக்கொண்டார். நம் பாட்டி ஆற்றில் போடும்போதாவது அளக்கச் சொன்னாள். கார்னெகி அளக்காமலே கடலுக்கு அனுப்பிவிட்டார். அந்த 950 எங்கிருந்து வந்தது? ஆய்வு, மாதிரி, அட்டவணை என்று எதையும் கட்டுரையில் காட்டவில்லை. தாடியைத் தடவியிருப்பார், உதிர்ந்திருக்கும். அதே கட்டுரையில், தெருவில் பிச்சைக்காரனுக்குக் கால் டாலர் போட்ட ஓர் எழுத்தாளரைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்குகிறார். அந்த மனிதர் வாழ்நாளிலேயே செய்த பெரிய பாவம் அந்தக் கால் டாலர்தான் என்பதுபோலப் பேச்சு.

மூன்று வருடம் கழித்து, 1892இல், பென்சில்வேனியாவில் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலித் தகராறு வந்தது. தனியார் காவல்படை படகில் வந்து இறங்கியது. இரண்டு பக்கத்திலுமாகப் பத்துப் பேராவது செத்தார்கள். கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார். பிற்பாடு உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். பன்னிரண்டு மணி நேர வேலை பார்த்த ஆலைத் தொழிலாளி எந்த நேரத்தில் போய்ப் படிப்பான் என்ற உப கேள்வி கட்டட வரைபடத்தில் இல்லை. எப்படியோ, கார்னெகி கணக்குப்படி அன்றைக்கு உருப்படியான தானத்தின் பங்கு ஐந்து சதவீதம். இதை நினைவில் வையுங்கள். நம் கணக்குக்காரர்கள் இந்த ஐந்தைக் கனவிலும் தொட்டதில்லை.

அடுத்தவர் ராக்பெல்லர். இவர் பிறவிக் கணக்குப்பிள்ளை. 1855இல், பதினாறு வயதில், கிளீவ்லாந்தில் உதவிக் கணக்கராக வேலைக்குச் சேர்ந்ததும் ‘லெட்ஜர் ஏ’ என்று ஒரு சின்ன நோட்டுப் போட்டார். வரவு, வாடகை, சலவைக்காரி கூலி, கோயில் காணிக்கை என்று சல்லிக்காசுவரை எழுதினார். கோடீசுவரர் ஆன பிறகும் அந்த நோட்டைப் புனித நூல்போலப் பாதுகாத்தார். எண்ணெய்ப் போட்டியாளர்களை ஒவ்வொருவராக விழுங்கியதை எந்த நோட்டில் எழுதினார் என்பதை விட்டுவிடுவோம்.

பணம் பெருகப் பெருக, கேட்டு வரும் கடிதமும் பெருகியது. மனிதரால் சாப்பிட முடியவில்லை, நடக்க முடியவில்லை. 1891இல் ஃபிரெடெரிக் கேட்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகரைத் தானம் பார்த்துக்கொள்ள வேலைக்கு வைத்தார். கேட்ஸ் வந்ததும் சில்லறை வியாபாரத்தை மூடினார். இனி மொத்த வியாபாரம்தான்! தனி மனிதன் வந்து கையேந்தினால் கிடையாது. நோயின் வேரைப் பிடுங்க வருகிறவனுக்கு மூட்டையாகப் பணம். இப்படித்தான் 1909இல் பத்து லட்சம் டாலர் கொக்கிப்புழுவின்மேல் இறங்கியது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெறுங்காலோடு நடந்த ஏழைகளின் ரத்தத்தை அந்தப் புழு குடித்துக்கொண்டிருந்தது. வடக்கத்திப் பத்திரிகைகள் அதற்குச் சோம்பேறிக் கிருமி என்று பெயர் சூட்டின. தெற்கத்திக்காரர்களுக்குக் கோபம் வந்தது. புழு இருப்பதில் கோபமில்லை, அதை நியூயார்க்கில் அச்சடித்ததில்தான் கோபம்.

நம் ஆட்கள் இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான். புழு ஒழிப்பு அமெரிக்காவோடு நிற்காமல் கப்பலேறியது. 1916 வாக்கில் ராக்பெல்லர் பணம் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்திலிருந்து கங்காணி கூட்டிப்போன தமிழ்த் தொழிலாளிகள் லயங்களில் அடைந்துகிடந்தார்கள். ரத்தசோகை பிடித்த உடம்பு கூடையைத் தூக்குமா? கொழுந்து குறைந்தால் துரைக்கு நட்டம். ஆகவே துரைமார் சம்மதித்தார்கள். வரிசையில் நிற்கவைத்துக் கெனோபோடியம் எண்ணெயைக் கொடுத்தார்கள். குடித்தவர்களுக்குத் தலைசுற்றல் போனஸ். புழு விழுந்தது. கழிப்பிடம்தான் கட்டப்படவில்லை, அல்லது பேருக்குக் கட்டப்பட்டது. அது செலவுக் கணக்கில் வரும், மருந்து தர்மக் கணக்கில் வரும். வெளியில் போன புழு அதே மண் வழியாக அதே காலில் திரும்ப ஏறியது. ஒரு டாலருக்கு எத்தனை புழு என்று கேட்டிருந்தால் உலக சாதனை. ஒரு புழுவை எத்தனை முறை கொன்றீர்கள் என்று கேட்டிருந்தால் வேறு பதில். நூறு வருடம் கழித்துக் கணக்குக்காரர்கள் ‘கண்டுபிடித்த’ முதல் மலிவான தர்மங்களில் ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி ஒரு தாவல். 1971 நவம்பர். கிழக்கு வங்கத்திலிருந்து தொண்ணூறு லட்சம் அகதிகள் இந்தியாவுக்குள் வந்து கிடந்த நேரம். ஆக்ஸ்போர்டில் பீட்டர் சிங்கர் என்ற 25 வயது ஆஸ்திரேலியர் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருடம் அச்சில் வந்தது. ஆழமில்லாத குளத்தில் குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் உன் உடுப்பு சேறாகும். இறங்குவாயா மாட்டாயா? இறங்குவேன் என்றால், கல்கத்தாவில் சாகிற குழந்தைக்கு மட்டும் ஏன் இறங்க மாட்டேன் என்கிறாய்? தூரம் ஒரு சாக்கா? ஐம்பது வருடமாகத் தத்துவ மாணவர்கள் இந்தக் குளத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். குளத்தில் நீச்சல் தெரிந்த காவலாளியைப் போடலாமே, வேலி கட்டலாமே என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு ஃபெயில் மார்க் போடப்பட்டிருக்கும்.

குளம் புகழ்பெற்றுவிட்டது. எனக்குப் பிடித்தது அதே கட்டுரையில் இருக்கும் கணக்கு. அகதிகளுக்கு பிரிட்டன் கொடுத்தது ஒன்றரைக் கோடி பவுண்டுக்கும் கீழே. கான்கார்டு விமானத்துக்கு அதுவரை கொட்டியது 27 கோடி பவுண்டுக்கு மேல். ஆஸ்திரேலியா கொடுத்தது சிட்னி ஆப்பெரா மாளிகைச் செலவில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. மேல் எண், கீழ் எண், நடுவில் கோடு. நம் வகுத்தல் கணக்கின் முன்னோர் இவர்தான்.

கட்டுரையைப் படித்துக் கண்ணீர் விட்டவர்கள் பலர், காசோலை எழுதியவர்கள் சிலர். முப்பது வருடத்துக்கு அவ்வளவுதான். இதற்கிடையில் தர்ம உலகம் தன் பாட்டுக்குப் புதுமைகளைச் செய்துகொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து விளையாட்டு பம்பு என்ற அற்புதம் வந்தது. ராட்டினத்தில் பிள்ளைகள் சுற்றினால் நிலத்தடி நீர் மேலேறும். பிள்ளைக்கு விளையாட்டு, ஊருக்குத் தண்ணீர், கொடையாளிக்குப் புகைப்படம். 2006இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையேறி ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல் அறிவித்தார். அப்புறம் கார்டியன் பத்திரிகை உட்கார்ந்து கணக்குப் போட்டது. சொன்ன அளவு தண்ணீர் வர, பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும். பிள்ளைகள் தயார்தான். நாள்தான் ஒத்துழைக்கவில்லை.

கணக்குக்காரர்கள் பிறக்க இதைவிட நல்ல நேரம் வேண்டுமா? 2006இல் கனெக்டிகட்டில் பிரிட்ஜ்வாட்டர் என்ற முதலீட்டுக் கம்பெனியில் வேலைபார்த்த ஹோல்டன் கார்னோஃப்ஸ்கி, எலி ஹாசன்ஃபெல்ட் என்ற இரண்டு இளைஞர்களுக்குக் கையில் காசு, மனதில் குறுகுறுப்பு. எந்த தர்மத்துக்குக் கொடுத்தால் நல்லது என்று தொண்டு நிறுவனங்களுக்குப் போன் போட்டார்கள். வந்தவை சிரிக்கும் குழந்தைகளின் படம் போட்ட வழவழப்பான தாள்கள். ஒரு டாலருக்கு என்ன நடக்கிறது என்று கேட்டால் எதிர்முனையில் மௌனம். நாற்காலிக் கம்பெனியில்கூட ஒரு நாற்காலியின் அடக்க விலை தெரியும்; உயிர் காக்கும் கம்பெனிக்கு ஒரு உயிரின் அடக்க விலை தெரியவில்லை. 2007இல் இருவரும் வேலையை விட்டு கிவ்வெல் என்ற நிறுவனம் தொடங்கினார்கள். கொள்கை: எல்லாம் வெளிப்படை, எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

அந்த வருடம் முடிவதற்குள் வெளிப்படைக் கொள்கைக்கு முதல் சோதனை. எந்த தர்மத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒருவர் பொய்ப் பெயரில் இணையத்தில் அப்பாவியாகக் கேட்கிறார். கிவ்வெல் என்று ஒன்று இருக்கிறதாமே என்று பதிலும் வருகிறது. கேட்டவரும் சொன்னவரும் கார்னோஃப்ஸ்கி ஒருவரே! சில மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். நிர்வாகக் குழு அவரைப் பதவியிறக்கி 5,000 டாலர் அபராதம் போட்டது. மன்னிப்புகள் கேட்கப்பட்டன. ஆதாரமில்லாமல் எவரையும் நம்பாதே என்ற கொள்கைக்கு நிறுவனரே இவ்வளவு சீக்கிரம் செய்முறை விளக்கம் கொடுத்த இயக்கம் வேறொன்றை நான் அறியேன். ஆனால் நியாயமாகச் சொன்னால், அவர்கள் அதற்குப்பின் செய்த வேலை சுத்தமானது. கொசுவலை, மலேரியா மாத்திரை, தடுப்பூசி போடவரும் தாய்க்குச் சிறு தொகை என்று நான்கைந்து விஷயங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு உயிரைக் காக்க ஏறக்குறைய 5,000 டாலர் ஆகும் என்று விலைச்சீட்டு ஒட்டினார்கள். அபராதத் தொகையும் அதேதான் என்பது தற்செயல்.

அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம், 2009 நவம்பரில், ஆக்ஸ்போர்டில் டோபி ஆர்ட் என்ற இன்னொரு ஆஸ்திரேலியத் தத்துவக்காரரும், வில்லியம் மக்காஸ்கில் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் சேர்ந்து ‘கிவிங் வாட் வி கேன்’ தொடங்கினார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வாழ்நாள் முழுக்கக் கொடுப்பேன் என்று சத்தியம் செய்யவேண்டும். முதலில் செய்தவர்கள் 23 பேர். ஆர்ட் வருடத்துக்குச் சுமார் 18,000 பவுண்டில் வாழ்ந்துகொண்டு மிச்சத்தைக் கொடுத்தால் ஆயுளுக்குள் பத்து லட்சம் பவுண்டு சேரும் என்று கணக்குப் போட்டு அறிவித்தார். பத்தில் ஒரு பங்கு என்ற விகிதம் யூதர்களிடமும் கிறிஸ்தவர்களிடமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது. முஸ்லிம்கள் சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை சக்காத்தாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அவற்றில் சொர்க்கம் உண்டு. இதில் எக்ஸெல் மட்டும்தான். அதையும் தாண்டிப் பதினைந்து வருடத்தில் 23 பேர் பத்தாயிரம் பேர் அளவுக்கு வளர்ந்தார்கள் என்றால் கொஞ்சம் மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். 2011இல் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவாக ஒரு குடை அமைப்பு வேண்டும் என்று ஓட்டுப் போட்டு எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை தங்களை மகா தீவிர நல்லது செய்வோர் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓட்டெடுப்பு நடந்தது நல்லதற்குத்தான்.

பத்தாயிரம் பேர் சத்தியம் செய்தால் என்ன, மேல் எண்ணைத் தீர்மானிப்பது அவர்கள் இல்லை. ஃபேஸ்புக்கின் இணை நிறுவனர் டஸ்டின் மாஸ்கோவிட்ஸும் அவர் மனைவி கேரி டூனாவும்தான். இருவரும் தங்கள் சொத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடத் தீர்மானித்து, கிவ்வெல் ஆட்களோடு கைகோத்தார்கள். அதிலிருந்து ஓப்பன் ஃபிலாந்த்ரபி பிறந்தது. 2025 நவம்பரில் அதற்குக் கோஎஃபிஷியண்ட் கிவிங் என்று பெயர் மாற்றினார்கள். கணக்கு வாசனை விடவில்லை. அன்று முதல் இந்த இயக்கம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்த ஒரே வீட்டுப் பணம். தம்பதிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனஸ்தாபம் வந்தால் இயக்கத்தின் வளர்ச்சி விகிதம் மாறும்.

இங்கே இன்னொரு வீட்டுப் பணமும் வந்து சேர்ந்தது. அந்தக் கதையைச் சுருக்க மனமில்லை.

2012. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் மக்காஸ்கில் ஒரு எம்ஐடி மாணவரோடு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார். மாணவர் சாம் பேங்க்மன்-ஃப்ரைட். விலங்குகள் நலனுக்காக உழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பையன். மக்காஸ்கில் சொன்ன யோசனை, நீ துண்டறிக்கை கொடுப்பதைவிட, கொழுத்த சம்பளத்துக்கு வேலைபார்த்து அதைக் கொடுத்தால் அதிக நன்மை என்பது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம்மவர்கள் வாங்குகிறவன் பாத்திரத்தைத்தான் பார்க்கச் சொன்னார்கள். கொடுக்கிறவன் பாத்திரத்தையும் தட்டிப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பையன் வால் ஸ்ட்ரீட் போனான், சம்பளத்தில் பாதியைக் கொடுத்தான், பிறகு கிரிப்டோ நாணயப் பக்கம் போய் 2019இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தைக் கம்பெனியைத் தொடங்கினான். உச்சத்தில் சொத்து 2,600 கோடி டாலர். பஹாமாஸில் மாளிகை மாடியில் குடியிருந்துகொண்டு டொயோட்டா கொரோலா ஓட்டினார். (2,600 கோடி வந்ததும் எழுத்தாளனின் வினைமுற்றில் மரியாதை தானாக ஏறிவிடுகிறது, கவனித்தீர்களா?)

2021இல் இயக்கத்துக்குள்ளேயே ஒருவர் மொத்தப் பணத்தைக் கூட்டிப் பார்த்தார். இயக்கத்துக்கென்று ஒதுக்கப்பட்ட சொத்து 4,600 கோடி டாலர்! அதில் மாஸ்கோவிட்ஸ் தம்பதி 2,250 கோடி, எஃப்டிஎக்ஸ் கோஷ்டி 1,650 கோடி. கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதே பெரிய கவலையாகிவிட்டது. ஆனால் அதே கூட்டலில் ஓரமாக இன்னொரு எண்ணும் இருந்தது. ஓராண்டில் உண்மையில் கைமாறியது சுமார் 42 கோடி டாலர். அதாவது இருப்பதாகச் சொன்னதில் நூற்றில் ஒன்றுக்கும் கீழே. 2015இல் ஜான் பால்சன் என்ற ஒரே முதலீட்டாளர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது 40 கோடி. உலகிலேயே பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கு ஒரே காசோலை. இந்தப் பக்கம் உலகைத் திருத்த வந்த ஒரு முழு இயக்கத்தின் ஒரு வருடம். இரண்டும் ஏறக்குறையச் சமம்.

2022 பிப்ரவரியில் எஃப்டிஎக்ஸ் எதிர்கால நிதி தொடங்கியது. இப்போது கொசுவலையெல்லாம் பழசு. இனிமேல் பிறக்கப்போகும் கோடானுகோடிப் பேரைச் செயற்கை நுண்ணறிவிடமிருந்தும் செயற்கைக் கிருமியிடமிருந்தும் காப்பாற்றுவதுதான் கணக்குப்படி லாபம். இன்னும் பிறக்காதவர்களில் ஒரு சௌகரியம், அவர்கள் தணிக்கை கேட்பதில்லை. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் 16 கோடி டாலர் வரை ஒதுக்கினார்கள். அதே வருடம்தான் ஆக்ஸ்போர்டு அருகே பதினைந்தாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றை, வைத்தம் ஆபி என்று பெயர், கூட்டங்கள் நடத்துவதற்காகச் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். மாளிகையின் சூழலில் சிந்தனை நன்றாக வரும் என்பதற்குச் செலவுப் பயன் கணக்கு இருந்திருக்கும். 2024இல் அதை விற்பனைக்குப் போட்டபோதும் ஒரு கணக்கு இருந்திருக்கும்.

2022 நவம்பர் 11 அன்று எஃப்டிஎக்ஸ் திவால். வாடிக்கையாளர் பணம் வேறொரு பையில் போயிருந்தது. 1,650 கோடி ஒரே வாரத்தில் காற்றில் கரைந்தது. அடுத்த வருடம் பேங்க்மன்-ஃப்ரைட் ஏழு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி. 2024 மார்ச்சில் 25 வருடச் சிறை. வாங்கிய தானத்தைத் திருப்பிக் கொடு என்று திவால் நிர்வாகிகள் கேட்டார்கள். எஃபெக்டிவ் வெஞ்சர்ஸ் என்ற தாய் நிறுவனம் சுமார் 2.7 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது. தர்மத்தின் வரலாற்றில் கழித்தல் குறி போட்டு எழுதவேண்டிய தானம் அபூர்வம். நம் மேல் எண்ணில் அதுவும் உண்டு.

சரி, பேனாவை எடுப்போம். மேல் எண் என்ன?

கிவ்வெல் 2022இல் திரட்டியது சுமார் 60 கோடி டாலர், 2023இல் 35.5 கோடி. ஓப்பன் ஃபிலாந்த்ரபியும் வருடத்துக்குப் பல பத்துக் கோடிகள் கொடுத்தது. இரண்டையும் கூட்டலாமா? கூடாது. 2021இல் ஓப்பன் ஃபிலாந்த்ரபி 30 கோடி டாலரைக் கிவ்வெல் சொன்ன இடங்களுக்கு ஒதுக்கியது. அது இவர்கள் கொடுத்த கணக்கிலும் வரும், அவர்கள் திரட்டிய கணக்கிலும் வரும். ஒரே மொய்யை மாப்பிள்ளை வீட்டு நோட்டிலும் பெண் வீட்டு நோட்டிலும் எழுதிவிட்டு, கல்யாணத்தில் வசூல் இரட்டிப்பு என்று சந்தோஷப்படுவதுபோல. அதைக் கழித்து, பத்துச் சதவீதச் சத்தியக்காரர்கள், சில்லறை நிதிகள், இறாலுக்கு வலியில்லாச் சாவு வேண்டும் என்று உழைப்பவர்கள் (உண்மையாகவே இருக்கிறார்கள்) எல்லாரையும் சேர்த்து, தாராளமாக வருடத்துக்கு 100 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். என் தாராளம், அவர்கள் பணம்.

அதற்குள் இன்னொருவர் கை தூக்குகிறார். பில் கேட்ஸை ஏன் சேர்க்கவில்லை? அவரும் தடுப்பூசி, மலேரியா, கணக்கு என்றுதானே இருக்கிறார்? கேட்ஸ் அறக்கட்டளையின் 2024 பட்ஜெட் 860 கோடி டாலர். அவரைச் சேர்த்தால் மேல் எண் 100லிருந்து 960க்குத் தாவும். அவர் இந்த இயக்கத்தின் அட்டை வாங்கியவர் இல்லை. இயக்கம் பிறக்கும் முன்பிருந்தே கொடுக்கிறவர். சேர்த்தால் பொய், விட்டால் அநியாயம். தலைகீழ் வேடிக்கையும் உண்டு. எஃப்டிஎக்ஸ் விழுந்தபின் பலர் எனக்கும் அந்த இயக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அதே ஆள், அதே கொசுவலை, அதே காசோலை. பெயர்ப்பலகை கழன்றதும் மேல் எண் குறைந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் ஒரு கொசுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கீழ் எண்ணுக்கு வருவோம். உலக மொத்தம் எவர் கையிலும் இல்லை. திருப்பதி உண்டியலில் மட்டும் வருடத்துக்கு 1,300 கோடி ரூபாய்க்கு மேல் விழுகிறது. கிவ்வெல் 2023இல் உலகம் முழுக்கத் திரட்டியதில் ஏறக்குறையப் பாதி. போட்டவர்களில் எவரும் செலவுப் பயன் அறிக்கை கேட்டதாகத் தகவல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் காலேஜ் ஃபீஸ், ஊருக்கு அனுப்பும் பணம், அன்னதானத்துக்கு இறக்கிய அரிசி மூட்டை எதுவும் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. ஏறினால் நம் பின்னம் கண்ணுக்கே தெரியாது.

ஆகவே ஒழுங்காக எழுதிவைத்திருக்கும் நாட்டை எடுத்துக்கொள்வோம். கிவிங் யுஎஸ்ஏ அறிக்கைப்படி 2024இல் அமெரிக்கர்கள் கொடுத்த மொத்த தானம் 59,250 கோடி டாலர். அதில் மதத்துக்கு 14,600 கோடிக்கு மேல். கல்விக்கு 8,800 கோடி அளவு. கலை, இசை, அருங்காட்சியகத்துக்கு 2,500 கோடி. வெளிநாட்டு விவகாரங்களுக்கு 3,550 கோடி அளவு.

நூறை 59,250ஆல் வகுத்தால்: நூறு டாலருக்கு 17 சென்ட். கேட்ஸைச் சேர்த்தால் ஒரு டாலர் 62 சென்ட். கார்னெகி தாடியைத் தடவிச் சொன்ன ஐந்து டாலர் இன்னும் எட்டாத தூரம்.

இவ்வளவு சத்தத்துக்கும் பதினேழு சென்ட்தானா என்று ஏமாறுகிறவர்கள் கீழ் எண்ணை மாற்றிப் பார்க்கலாம். அரசியல்வாதிகள் அப்படித்தான் செய்கிறார்கள். வெளிநாட்டு தானத்தை மட்டும் கீழே எழுதினால் பங்கு நூற்றுக்கு இரண்டரை, மூன்றுவரை ஏறும். அதற்கு அவர்கள் பணம் முழுதும் வெளிநாடு போகிறது என்று பொய் சொல்லவேண்டும். செயற்கை நுண்ணறிவு மனிதகுலத்தை அழிக்காமல் பார்த்துக்கொள்ளும் தானம் என்று கீழே எழுதினால் பல வருடம் பெரும்பங்கு இவர்களுடையதுதான். பண்ணைக் கோழியின் கூண்டை அகலப்படுத்தும் தானம் என்று எழுதினாலும் பங்கு கணிசம். எவரும் கால்வைக்காத சந்தில் கடைபோட்டால் சந்தை முழுக்க நம்முடையது. இதை நான் கேலியாகச் சொன்னாலும் அவர்கள் பெருமையாகவே சொல்வார்கள். புறக்கணிக்கப்பட்ட இடத்தைத் தேடிப்போ என்பது அவர்கள் மூன்று விதிகளில் ஒன்று.

அந்த விதியில் நியாயம் இருக்கிறது. ஓபராவுக்கு நூறு டாலர் கூடுதலாகப் போனால் திரைச்சீலையில் ஒரு குஞ்சம் கூடும். கொசுவலைக்குப் போனால் பத்துப் பதினைந்து வீட்டில் வலை தொங்கும். பதினேழு சென்டில் பாதி மாளிகைக்கும் மாநாட்டுக்கும் பிறக்காத பேரர்களுக்கும் போனாலும், மிச்சப் பாதி, டாலருக்கு டாலர், மற்ற தொண்ணூற்றொன்பது டாலர் எண்பத்து மூன்று சென்டில் பெரும்பகுதியைவிட உருப்படியாக வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறேன். குளத்தையும் கான்கார்டையும் காட்டி சிங்கர் கேட்ட கேள்விக்கு இன்னும் எவரும் நல்ல பதில் சொல்லவில்லை.

அளவு மட்டும் மாறவில்லை. 2025 ஜூலை 1ஆம் தேதியோடு அமெரிக்க அரசின் யூஎஸ்எய்ட் தன் வெளிநாட்டு உதவி வேலையை நிறுத்தியது. அதன் கையில் இருந்தது வருடத்துக்கு 4,000 கோடி டாலர் அளவு. அதை மூடக் கணக்குக்காரர்கள் எவரும் தேவைப்படவில்லை. விட்டுப்போன ஓட்டைகளில் எதை அடைப்பது என்று கிவ்வெல் பட்டியல் போட்டு உட்கார்ந்தது. 4,000த்துக்கு எதிரே 100. எதிரே நிற்கிறது என்பதே பெரிய விஷயம்.

அமெரிக்கர்களின் மொத்த தானம் நாற்பது வருடங்களாக நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய இரண்டு சதவீதம். கிவ்வெல் வருவதற்கு முன்பும் இரண்டு, ஆக்ஸ்போர்டு சத்தியத்துக்குப் பின்பும் இரண்டு, பேங்க்மன்-ஃப்ரைட் வெளியே இருந்தபோதும் இரண்டு, உள்ளே போனபிறகும் இரண்டு.